கொழுந்து மாடியில் ஒன்பது படங்கள்

போன மாதம் என்னைப் பார்க்க இரண்டு இளம் சித்திர ஆசிரியர்கள் வந்திருந்தார்கள். அவர்கள் பள்ளிக்கூடத்தில் இப்போது மேல்வகுப்புப் பிள்ளைகள் ஓவியம், களிமண் வேலை, துணியில் அச்சு என்று மூன்றில் பிடித்ததை எடுத்துப் படிக்கலாமாம். படம் காய வைக்கத் தனி அறை, அதற்குள் மின்சார விசிறி. சொல்லிக்கொண்டே வந்தவர்களில் ஒருவர், மரியாதைக்காகத்தான், "உங்க காலத்துல இந்த ஹட்டன் மழையில படத்தை எப்படி சார் காய வச்சீங்க?" என்று கேட்டுவிட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. நிறுத்தலாம் என்று பார்த்தால் முடியவில்லை. கண்ணில் நீர் வழிகிறது, அந்தப் பையன்கள் இருவரும் பயந்துபோய் எழுந்து நிற்கிறார்கள். உள்ளேயிருந்து என் மனைவி எட்டிப் பார்த்து, "ஸ்டோரு கதையக் கேட்டுட்டீங்களா? அப்ப நீங்க சோறு சாப்பிட்டுத்தான் போக முடியும்" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போனாள். அன்றைக்கு அவர்களுக்குச் சொன்னதை எழுதியும் தரச் சொன்னார்கள். எழுதும்போது எத்தனை இடத்தில் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தேன் என்பது தெரியாமல் இருப்பதே நல்லது.

நான் இலங்கை மலைநாட்டில், கந்தப்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவன். அப்பா அங்கே கணக்கப்பிள்ளை. சென்னையில் இரண்டு வருடம் சித்திரம் படித்தேன். அங்கே வெயிலில் படம் ஐந்து நிமிடத்தில் காய்ந்துவிடும். என் படிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான், ஏனென்றால் நான் அங்கே கற்காமல் விட்ட ஒரே விஷயம் படத்தைக் காய வைப்பது.

முப்பதுகளின் நடுவில் ஹட்டனில் ஒரு பள்ளிக்கூடத்தில் சித்திர ஆசிரியனாகச் சேர்ந்தேன். அதுவரை அங்கே சித்திரம் என்றால் சின்ன வகுப்புகளுக்கு அடிமட்டம் வைத்துப் பெட்டி வரைவதுதான். மேல்வகுப்புக்கு நீர்வர்ணம் கற்பிக்கப் போகிறேன் என்று நான் ஒற்றைக் காலில் நின்று அனுமதி வாங்கினேன். அனுமதி ஒரு வருடத்துக்குத்தான். வருடக் கடைசியில் கொழும்பிலிருந்து பரிசோதகர் வந்து பார்ப்பார். அவருக்குப் பிடித்தால் வகுப்பு தொடரும், பிடிக்காவிட்டால் அந்த நேரத்தைச் சுருக்கெழுத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். ஒன்பது பிள்ளைகள் சேர்ந்தார்கள். கடைத்தெருச் செட்டியார் வீட்டுப் பையன்கள், ஸ்டேஷன் மாஸ்டர் மகன், தோட்டத்து உத்தியோகத்தர் பிள்ளைகள், பிறகு செல்லம்மா.

செல்லம்மா லயத்திலிருந்து, தோட்டத்துக் கூலிக்காரர்களின் வரிசை வீடுகளிலிருந்து, வந்தவள். அம்மா கொழுந்து பறிக்கிறாள், அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். அவளுடைய கையைப் பார்த்துத்தான் அவளுக்குப் பள்ளிச் சம்பளம் கட்டத் தேவையில்லாத இடம் வாங்கிக் கொடுத்திருந்தேன். வாயும் கைக்குச் சளைத்ததில்லை. நான் பேரிக்காய்க் கூடை வரைந்து காட்டினால், "பழம் நல்லாயிருக்கு சார், கூடைதான் மழையில நனைஞ்சு போச்சு" என்பாள். பார்த்தால் கூடை உண்மையிலேயே ஒரு பக்கம் இளகிப்போய்த்தான் இருக்கும். அவளுடைய அப்பா என்னிடம் நேரிலேயே சொல்லியிருந்தார்: "இந்த டிசம்பர் வரைக்கும் அனுப்புறேங்க. பெரியவரு வந்து இவளுக்கு வாத்தியார் வேலைக்கு வழி சொன்னா சரி. இல்லாட்டி செக்ரோல்ல பேரப் பதிஞ்சிடுவேங்க. வீட்டுல அஞ்சு பேரு." செக்ரோல் என்பது தோட்டத்துக் கூலிப் பதிவேடு. அதில் ஏறிய பெயரை அந்தக் காலத்தில் மரணம்தான் இறக்கும். ஆகவே அந்த வருடம் முழுக்க எனக்கு ஒரே கவலை. பரிசோதகர் செல்லம்மாவின் படத்தைப் பார்க்க வேண்டும், அது காய்ந்திருக்க வேண்டும்.

காய்வதைப் பற்றி எங்கள் தலைமை ஆசிரியர் கந்தையாவுக்குத் திட்டமான கருத்து இருந்தது. அவர் யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் கோட்டு, கக்கத்தில் குடை, சட்டைப் பையில் நாலாக மடித்த கைக்குட்டை. வகுப்புக்குள் வருவார். யாருடைய முகத்தையும் பார்க்க மாட்டார். நேராகப் படத்திடம் போய் வலது கைச் சுண்டுவிரலை நீட்டி வானத்தில் ஒரு தொடு, நிலத்தில் ஒரு தொடு. விரலைத் திருப்பி வெளிச்சத்தில் பார்ப்பார். நீலமோ பச்சையோ கட்டாயம் ஒட்டியிருக்கும். கைக்குட்டையை எடுத்து விரலை மூன்று தரம் துடைப்பார். மடிப்புக் குலையாமல் திரும்ப வைப்பார். பிறகு என்னிடம், "காயாத படம் படமில்லை, மாஸ்டர்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். கோபம் கிடையாது. மழை பெய்கிறது என்று சொல்வது மாதிரித்தான் சொல்வார். எங்கள் வகுப்பில் இருந்த எல்லாப் படத்திலும் மேகம் ஒன்று கூடுதலாக இருக்கும். அது அவருடைய சுண்டுவிரல் போட்டது.

நீர்வர்ணத்தில் ஒரு பூச்சு காய்ந்த பிறகுதான் அடுத்த பூச்சு. எங்களுக்குத் திங்கட்கிழமை பூசியது புதன்கிழமையும் மினுங்கும். ஜன்னலைத் திறந்தால் பனி உள்ளே வரும். ஒருநாள் மேசையில் வைத்த வாழைப்பழச் சீப்பைப் பனி மூடி, விலகியபோது பாதிச் சீப்பைக் காணோம். பனியின் மேல் பழி போட்டுக்கொண்டு ஒன்பது பேரும் மென்றுகொண்டிருந்தார்கள்.

பள்ளிக்கூடத்துக்கு மேலே, பத்து நிமிட ஏற்றத்தில், தேயிலை ஸ்டோர் இருந்தது. தொழிற்சாலையை எங்கள் பக்கத்தில் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். அதன் மேல்மாடிகளில் சாக்குத் துணியை அடுக்கடுக்காக இழுத்துக் கட்டியிருப்பார்கள். பறித்த கொழுந்தை மாலையில் அந்தத் தட்டுகளில் மெல்லப் பரப்பி வாட்டுவார்கள். கீழேயிருந்து சூடான காற்று வரும். காலையில் வாடிய கொழுந்தைக் கூட்டித் தள்ளினால் மரச்சரிவு வழியாகக் கீழே ரோலருக்குள் விழும். ரோலர் அதை அரைத்துச் சுருட்டும். இதையெல்லாம் சின்ன வயதிலிருந்து பார்த்தவன் நான். இருந்தும் சூடான காற்று, விரித்த துணி, மழை படாத இடம் என்று மூன்றையும் சேர்த்து யோசிக்க எனக்கு ஐந்து மாதம் பிடித்தது.

ஸ்டோரில் தேயிலை செய்வதற்குப் பொறுப்பான டீ மேக்கர் வேலு ஐயாவிடம் போய்க் கேட்டேன். குட்டையான மனிதர், எந்நேரமும் மூக்கால் யோசிக்கிறவர். என் வர்ணப் பெட்டியைக் கையில் வாங்கி ஒவ்வொரு நிறமாக முகர்ந்தார். மஞ்சளிடம் கொஞ்சம் அதிக நேரம் நின்றார்.

"தேயிலை வாசத்தைக் குடிக்கிற சாமான், தெரியுமில்ல? பக்கத்துல ஒரு எலுமிச்சங்காய் உருண்டாலே எனக்குத் தெரியும்" என்றார்.

"வெறும் தண்ணியும் வர்ணமும்தாங்க."

"எண்ணெய் கூடாது. பிள்ளைங்க தலையிலயும் கூடாது. பூ வைக்கக் கூடாது. காலைக் கழுவிட்டுத்தான் ஏறணும். மூணாம் மாடி, கடைசித் தட்டு. நாலு மணிக்கு வச்சா ஆறு மணிக்கு எடுத்துடணும். அதுக்கப்புறம் அது கொழுந்துக்குச் சொந்தம்."

அன்றிலிருந்து எங்கள் ஒன்பது பேரும் திங்கட்கிழமைகளில் பரட்டைத் தலையோடு வந்தார்கள். தாய்மார் என்னைத் திட்டினார்கள். எனக்கென்ன, படம் காய்ந்தது. ஒரு மணி நேரம் முகம் மேலே பார்க்க வைத்து, தாள் சுருளாமலிருக்கப் பிறகு குப்புறக் கவிழ்த்துவிடுவேன். அதனால் எல்லாப் படத்திலும் சாக்கு இழையின் அச்சு விழும். அது எங்கள் பள்ளிக்கூட முத்திரை என்று பிள்ளைகள் பெருமையடித்துக்கொண்டார்கள். அடுத்த முறை தலைமை ஆசிரியர் சுண்டுவிரலை வைத்தார், எடுத்தார், பார்த்தார். விரல் சுத்தமாக இருந்தது. கைக்குட்டையை எடுக்க வேலையில்லாமல் கொஞ்ச நேரம் தடுமாறி நின்றார். எனக்கு அங்கேயே ஒரு குதி குதிக்க வேண்டும் போலிருந்தது.

செல்லம்மாவிடம் எனக்கிருந்த ஒரே சண்டை மைக்கோடு. வர்ணம் தீட்டி முடிந்ததும், காய்ந்தால் தண்ணீருக்குக் கரையாத இந்தியன் மையைத் தொட்டு, கண்ணிமை, மூக்கு, காது என்று மெல்லிய கோடு இழுத்துவிடுவாள். சென்னையில் அதைப் பாவம் என்று எனக்குக் கற்றுத் தந்திருந்தார்கள். "நீர்வர்ணத்துக்குக் கோடு எதுக்கு?" என்றால், "வர்ணம் ஓடிப் போயிடும் சார். கோடு நிக்கும்" என்பாள். அவளுடைய பெரிய படம் அம்மாவின் முகம். அதிலும் கோடு இழுத்துவிட்டாள். அதற்காக அவளை அரை மணி நேரம் திட்டியிருக்கிறேன்.

டிசம்பரில் ஒரு திங்கட்கிழமை மத்தியானம் தந்தி வந்தது. பரிசோதகர் மறுநாள் காலை பத்து மணிக்கு வருகிறார். ஒன்பது பெரிய படங்களுக்கும் கடைசிப் பூச்சு அப்போதுதான் முடிந்திருந்தது. நாலு மணிக்கு மாடியில் வைத்தேன், ஐந்து மணிக்குக் கவிழ்த்தேன். உடனே தலைமை ஆசிரியர் ஆளனுப்பி மண்டபத்தில் நாற்காலி போடக் கூப்பிட்டுவிட்டார். கடைசித் தட்டில் கொழுந்து போட்டதை நான் ஒருநாளும் கண்டதில்லை. இருக்கட்டும், காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். காலையிலும் நேராக ஸ்டோருக்குப் போனேனா? இல்லை. பெரியவர் வருகிறாரே என்று முடிவெட்டும் கடைக்குப் போய்ச் சவரம் செய்துகொண்டேன்.

ஏழு மணிக்கு வழுவழுப்பான முகத்தோடு மூன்றாம் மாடிக்கு ஏறினால் எல்லாத் தட்டும் துடைத்தெடுத்ததுபோல் வெறுமையாக இருந்தது. கீழேயிருந்து ரோலர் ஓடும் சத்தம் கேட்டது. படியில் எப்படி இறங்கினேன் என்று எனக்கு நினைவில்லை. கீழே வேலு ஐயா ரோலரை நிறுத்தி, தலையில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றார். அரைபட்ட பச்சைக் கொழுந்துக்குள் அங்கங்கே நீலம். ஒரு கை அளவு எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"இது என்னா?"

"ஆகாயம்னு நினைக்கிறேங்க" என்றேன். வேறென்ன சொல்ல?

ஞாயிற்றுக்கிழமை வெயிலடித்ததில் கொழுந்து அமோகமாக வந்திருக்கிறது. தட்டுப் போதாமல் கொழுந்து பரப்பும் பெண்கள் கடைசித் தட்டுக்கும் போயிருக்கிறார்கள். குப்புறக் கிடந்த படங்கள் அவர்களுக்கு வெறும் வெள்ளைத் தாள். அதன் மேலேயே பரப்பி, விடியிருட்டில் தாளோடு சேர்த்துக் கீழே தள்ளியிருக்கிறார்கள். "சாக்குக்கு மேல புதுசா தாள் விரிச்சு வாட்டச் சொல்லியிருக்காங்கன்னு நெனச்சோம் சார். துரைமார் மாசத்துக்கு ஒண்ணு புதுசா சொல்றாங்கதானே?" என்றாள் ஒருத்தி. அவள் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அவள் சொன்னது அவ்வளவு நியாயமாக இருந்தது.

ஆளனுப்பிப் பிள்ளைகளை வரவழைத்தேன். தோட்டத்துத் துரை பார்க்குமுன் காகிதத்தையெல்லாம் பொறுக்கிவிட வேண்டும், இல்லையென்றால் வேலு ஐயாவின் பாடு திண்டாட்டம். ஒன்பது பேரும் நானும் நீளமேசையைச் சுற்றிக் குனிந்து பொறுக்கினோம். அப்புறம் ஸ்டேஷன் மாஸ்டர் மகன் ஒரு சுருளை விரித்துப் பார்த்து, "சார், என் எஞ்சின் சக்கரம்" என்றான். "இது என் மாட்டுக் காது" என்றான் இன்னொருவன். "மாட்டுக்கு எப்பவும் காது சரியா வரலை, இப்பத்தான் சரியா இருக்கு" என்றாள் செல்லம்மா. அவ்வளவுதான். சிரிப்பு பற்றிக்கொண்டது. வேலு ஐயா கூடத் திரும்பி நின்று தோளைக் குலுக்கினார். மூன்று கூடை காகிதம் சேர்ந்தது. கொழுந்தின் சாற்றில் வர்ணமெல்லாம் கரைந்து ஓடியிருந்தது. சிரித்து முடிந்ததும் செல்லம்மா கறுத்துப்போன தன் விரல்களைப் பார்த்துக்கொண்டு, "இன்னைக்குச் சாயந்தரம் எங்கப்பா கேப்பாரு சார்" என்றாள்.

தலைமை ஆசிரியரிடம் போய்ச் சொன்னேன். கைக்குட்டையை எடுத்து, துடைக்க ஒன்றுமில்லாத சுண்டுவிரலைத் துடைத்தார். "அவருக்கு இனி எதைக் காட்டப் போறீர்?" என்றார். என் பின்னாலேயே வந்திருந்த செல்லம்மாதான் பதில் சொன்னாள். "மாடி இப்ப காலிதானே சார். வகுப்ப அங்கயே வச்சிடலாம். அவரு கண்ணு முன்னால வரையிறோம், அவரு கண்ணு முன்னால காயட்டும்." தலைமை ஆசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார். "பன்னிரண்டு மணிக்குள்ள முடிச்சுப்போடும்" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய்விட்டார்.

பரிசோதகர் சிங்களவர், வெகு கண்ணியமான மனிதர். எங்களோடு ஆங்கிலத்தில் பேசினார். காலைக் கழுவி, மூன்று மாடி மரப்படி ஏறி, சாக்குத் தட்டுகளுக்கு நடுவே ஒன்பது பரட்டைத் தலைகளைப் பார்த்தவர், ஓரமாக நின்று குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார். பிள்ளைகள் வரைந்தார்கள். எதைச் சொல்ல? ரயில் சாய்ந்தது, மாடு பெருச்சாளியாயிற்று. செல்லம்மா அம்மாவின் முகத்தைத் திரும்ப வரைந்தாள். காலை முழுக்கக் காகிதம் பொறுக்கிய விரல்கள் தூரிகைக்குச் சரியாகப் பணியவில்லை. மைப் புட்டியைத் தொடப் போனவளை நான் கண்ணால் தடுத்தேன், பெரியவர் முன்னால் கோடு கூடாது என்று. முகம் என்று பார்த்தால் ஒரு மங்கிய திட்டுத்தான் இருந்தது. படங்களெல்லாம் ஒழுங்காகக் காய்ந்தன. தலைமை ஆசிரியர் ஒவ்வொன்றாகச் சுண்டுவிரலை வைத்துவிட்டு வந்தார். பரிசோதகர், "சுத்தமான வேலை" என்றார். குறிப்புப் புத்தகத்தை மூடினார். சுருக்கெழுத்து நன்றாக எழுதும் பையன்களுக்குக் கொழும்பில் நல்ல கிராக்கி என்றார். செல்லம்மா தூரிகையைக் கழுவத் தொடங்கினாள். ஒரே தூரிகையைக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

ஸ்டோருக்கு வந்த பெரிய மனிதரை வெறும் வாயோடு அனுப்பினால் வேலு ஐயாவுக்கு மானம் போய்விடும். கீழே அவருடைய மேசைக்குக் கூட்டிப்போனார். அன்று அடுப்பிலிருந்து முதலில் வந்த தூள். மூடியுள்ள வெள்ளைக் கோப்பையில் ஒரு சிட்டிகை போட்டு, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றி, மூடி, கடிகாரத்தைப் பார்த்து ஐந்து நிமிடம் நின்றார். சாயத்தைக் கிண்ணத்தில் வடித்தார். கோப்பையைக் கவிழ்த்து, ஊறிய சக்கையை மூடியின் மேல் கொட்டினார். தேயிலையின் தரத்தைச் சக்கையைப் பார்த்துத்தான் சொல்வார்கள். பரிசோதகர் குனிந்தார்.

ஊறிய இலைகள் ஒவ்வொன்றாகச் சுருள் பிரிந்துகொண்டிருந்தன. அவற்றின் நடுவே இன்னொன்றும் பிரிந்தது. எங்கள் இருபது கண்ணுக்கும் தப்பி, அரைத்த கொழுந்து பதப்படும் தரையையும் அதை உலர்த்தும் அடுப்பையும் தாண்டி வந்த காகிதத் துண்டு, கட்டைவிரல் அளவு. வர்ணம் துளிகூட இல்லை. தேயிலைச் சாயம் ஊறி மண்ணிறமாகியிருந்த அதில் கறுத்த கோடு அப்படியே நின்றது. ஒரு கண், இறுக்கிச் சுருக்கியது, மழையில் நின்று பழகிய கண். மூக்கு. மூக்குத்தி.

பரிசோதகர் பென்சில் நுனியால் பக்கத்து இலையை மெதுவாக விலக்கினார். தன்னை மறந்து சிங்களத்தில், "மே கவுத?" என்றார். இது யார் என்று கேட்டார். என்ன என்று கேட்கவில்லை.

நான் வேலு ஐயாவைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தலைமை ஆசிரியர் கூரையைப் பார்த்தார்.

"மகே அம்மா, சார்" என்றாள் செல்லம்மா, என் அம்மா என்று.

அதற்குப் பிறகு மறைத்து என்ன ஆகப்போகிறது? முடிவெட்டும் கடை உட்பட எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ரோலருக்கு வந்தபோது பரிசோதகர் தூணைப் பிடித்துக்கொண்டார். மாட்டுக் காதுக்கு வந்தபோது உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு குறிப்புப் புத்தகத்தைத் திரும்பத் திறந்தார். வகுப்பு இருக்கட்டும் என்றார். இந்தப் பெண்ணை ஜனவரியிலிருந்து மாணவ ஆசிரியையாக எடுத்துக்கொள்ளுங்கள், நான் எழுதி அனுப்புகிறேன் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "அந்தக் கோட்டைத் தடுக்காதீர்கள்" என்றார். என் வழுவழுப்பான முகம் எரிந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் வெட்கப்பட்டதில்லை. செல்லம்மா மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள், இரண்டையும் முறை வைத்துச் செய்தாள்.

தலைமை ஆசிரியர் முன்னால் வந்தார். சக்கைக்குள்ளிருந்து அந்தத் துண்டை நகத்தால் எடுத்து இடது உள்ளங்கையில் வைத்தார். வலது சுண்டுவிரலால் கண்ணில் ஒரு தொடு, மூக்குத்தியில் ஒரு தொடு. விரலைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார். கைக்குட்டையை எடுக்கவில்லை.

"இன்னும் காயேல்லை, மாஸ்டர்" என்றார். "மேல கொண்டுபோய்க் காயப்போடும். இந்த முறை நீரே பக்கத்தில நில்லும்."

கட்டைவிரல் அளவு காகிதம் காய்வதற்கு நானும் செல்லம்மாவும் வேலு ஐயாவும் மூன்றாம் மாடியில் கடைசித் தட்டைச் சுற்றி ஒரு மணிவரை காவல் நின்றோம்.